பூங்காவில் மழைநீருக்கு இடம் உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

புதிதாக உருவாகும் குடியிருப்புகளில் பசுமை வெளியையும் மழைநீர் வடிகாலையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சில இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: கட்டப்படவிருக்கும் ஒரு குடியிருப்பில் வீடு வாங்க முன்பணம் கட்டும் நிலையில் இருக்கிறோம். மொத்தப் பரப்பு 2 ஹெக்டேர். அதில் பத்தில் ஒரு பங்கு பூங்கா என்று விளம்பரத்தாளில் போட்டிருக்கிறார்கள். மழைநீர் வடிகாலைப் பற்றிக் கேட்டால், "அது தனி வரைபடம், எல்லாம் விதிப்படிதான் இருக்கிறது" என்கிறார்கள். நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த இரண்டு வரைபடங்களையும் கேட்டு வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். பூங்கா வரைபடத்தில் மரங்களையும் ஊஞ்சலையும் தேடாமல், சிறு புள்ளிகளுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் தரைமட்ட எண்களைத் தேடுங்கள். பூங்காவின் மட்டம் அதைச் சுற்றியுள்ள சாலையைவிட உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பதே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி. அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கொட்ட வேறு இடமில்லாமல் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தில் கொட்டி, மேலே புல் பதித்து, சுற்றிலும் கான்கிரீட் விளிம்புக்கல் நட்டுவிடுவது பல இடங்களில் நடப்பதுதான். கவிழ்த்த தட்டைப் போல மேடாகிவிட்ட அப்படிப்பட்ட பூங்காவில் விழும் மழைகூட அங்கே தங்காமல் சாலைக்கு வழிந்துவிடும். சாலையின் நீரும் கூரைகளின் நீரும் அதற்குள் போக வழியே இருக்காது. பார்வைக்குப் பச்சையாக இருந்தாலும், வடிகாலைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட இன்னொரு கூரைதான்.

இதன் கணக்கு கடினமானதன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சேர்வது ஒரு லிட்டர் நீர். உங்கள் குடியிருப்பின் 2 ஹெக்டேர் என்பது 20,000 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10 லட்சம் லிட்டர். அந்த நிலம் வெறும் புல்வெளியாக இருந்தபோது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2 லட்சம் லிட்டர், வெளியே ஓடியது என்று வைத்துக்கொள்வோம். கூரையும் தாரும் கான்கிரீட்டும் வந்தபின் பத்தில் ஏழு பங்கு ஓடுமானால் அது 7 லட்சம் லிட்டர். கூடுதலாக வந்த இந்த 5 லட்சம் லிட்டருக்கு, அதாவது 500 கன மீட்டருக்கு, எங்கே இடம் வைத்திருக்கிறார்கள்? உங்கள் பூங்காவின் பரப்பு 2,000 சதுர மீட்டர். அது சாலையைவிட 25 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தாலே அவ்வளவு நீரும் அதற்குள் அடங்கிவிடும். கரைச்சரிவுக்கும் மரங்களைச் சுற்றிய மேடைக்கும் இடம் போவதால் நடைமுறையில் இன்னும் சற்று ஆழம் வேண்டியிருக்கும். நடைபாதையையும் விளையாட்டுக் கருவிகளையும் உயரமான ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். முழங்கால் அளவுகூட வராத ஒரு பள்ளத்துக்கு இவ்வளவு வேலை செய்யும் ஆற்றல் உண்டு என்பதை, வடிகால் என்றதும் குழாயையே நினைக்கும் பொறியாளர்கள்கூடப் பல நேரங்களில் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அளவைப் போலவே வேகமும் முக்கியம். புல்லின் ஊடே மெல்ல ஊர்ந்து போகும் நீர், வழவழப்பான குழாய்க்குள் விழுந்தால் மிக விரைவில் வெளியேறும் வாய்க்கு வந்துவிடுகிறது. எல்லா வீடுகளின் நீரும் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்வதால்தான், மழையின் மொத்த அளவு பெரிதாக இல்லாத நாளிலும் கீழ்ப்பக்கத்துத் தெருக்கள் மூழ்குகின்றன. ஆகவே கூரையிலிருந்து இறங்கும் நீர் முதலில் ஒரு செடிப்பாத்திக்கும், அங்கிருந்து சாலையோரப் புல் வாய்க்காலுக்கும், பிறகு பூங்காவின் தாழ்நிலத்துக்கும் போய், அங்கிருந்து ஒரு சிறிய துவாரம் வழியாகச் சிறுகச் சிறுக வெளியேறும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

இது புதிய யோசனையும் அன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் டேவிஸ் நகரில் 1970-களில் உருவான வில்லேஜ் ஹோம்ஸ் என்ற குடியிருப்பில், நிலத்தடிக் குழாய்களுக்குப் பதிலாக வீடுகளுக்குப் பின்னே ஓடும் ஆழமற்ற புல் வாய்க்கால்களே மழைநீரைக் கொண்டுபோகின்றன. நகர அதிகாரிகள் முதலில் இதை ஏற்கத் தயங்கினார்கள். அமைப்பு பயன்படாமல் போனால் வழக்கமான வடிகாலைக் கட்டுவதற்கென உத்தரவாதத் தொகை கட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. அந்த வாய்க்கால்கள் இன்றும் வேலை செய்கின்றன. குழாய் பதிக்காததால் மிஞ்சிய பணம் மரம் செடிகளுக்குப் போயிற்று.

கடைசியாக ஒன்று. நீங்கள் சொல்லும் விளம்பரத்தாளில் மழை பெய்யும் படம் ஒன்றுகூட இருக்காது. பலத்த மழை பெய்து ஓய்ந்ததும் அந்த இடத்துக்கு நேரில் போய், தண்ணீர் தானாக எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கியிருக்கிறார்களா அல்லது வீட்டுமனையாக விற்கிறார்களா என்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். விற்க முடியாமல் மிஞ்சிய முக்கோண மூலையைப் பூங்கா என்று காட்டியிருந்தால், தண்ணீர் அந்த மூலையைத் தேடிப் போகாது.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மழைநீர் தேங்கும்படி பள்ளமான புல்வெளி அமைக்கப் போகிறார்கள். கொசு பெருகும், சிறு குழந்தைகளுக்கு ஆபத்து என்று பலர் எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?

பதில்: கவலை நியாயமானது, ஆனால் அதைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். வெப்பமான காலநிலையில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே ஓரிரு நாளில், அதிகம் போனால் மூன்று நாளில், முழுதும் வற்றும்படி அமைக்கப்பட்ட புல்வெளியில் கொசு வளர்ந்து பறக்க நேரம் கிடைப்பதில்லை. வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, நிறைந்த பள்ளம் எத்தனை மணி நேரத்தில் வற்றும் என்பதே. உண்மையில் கொசு பெருகுவதற்கு வாய்ப்பான இடம், நீங்கள் நல்ல வடிகால் என்று நம்பும் மூடிய வடிகாலின் வண்டல் தொட்டிதான். அதன் அடியில் வெளியேறும் குழாய்க்குக் கீழே ஒரு சாண் அளவு நீர் எப்போதும் நிற்கும். இருட்டு, நிழல், மீன் கிடையாது, தவளை கிடையாது. மூடியைத் தூக்கி ஒரு டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால் நெளியும் புழுக்களைக் காணலாம். நிரந்தரமாக நீர் நிற்கும் குளம் அமைத்தால் அதில் மீனும் தட்டானும் வாழும் அளவுக்கு ஆழமும், ஓரத்தில் நாணலும் இருக்க வேண்டும். பாதிக் குளம் பாதிச் சேறு என்ற நிலைதான் மோசமானது.

குழந்தைகளின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, செங்குத்தான கரையே ஆபத்து. கரை நான்குக்கு ஒன்று, அதாவது கிடையாக நான்கு அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவிலோ அதைவிடத் தணிவாகவோ இருந்தால், தவறி இறங்கிய குழந்தை நடந்தே மேலே வந்துவிடும். அதோடு நீர் உள்ளே வரும் குழாய் வாயிலும் வெளியேறும் வாயிலும் கம்பித் தடுப்பு கட்டாயம் வேண்டும். சிங்கப்பூரில் பீஷான் – ஆங் மோ கியோ பூங்காவின் ஓரமாகச் சென்ற 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயை உடைத்தெடுத்து, 2012-இல் வளைந்து நெளியும் ஆறாகவே திறந்தார்கள். வறண்ட நாளில் குழந்தைகள் இறங்கி விளையாடும் சிற்றோடையாக இருக்கும் அது, பெருமழையில் பூங்காவுக்குள் பரந்து விரிகிறது. நீர்மட்டத்தை உணரும் கருவிகளும் எச்சரிக்கை விளக்குகளும் சங்கொலியும் அங்கே உண்டு. உங்கள் புல்வெளிக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. மழை நேரத்தில் இது நிரம்பும் என்று ஒரு பலகை போதும்.

கேள்வி: எங்களுடையது களிமண் நிலம். தண்ணீர் இறங்காது, கான்கிரீட் கால்வாய்தான் ஒரே வழி என்கிறார் பொறியாளர். அப்படித்தானா?

பதில்: நீர் உள்ளே இறங்குவது ஒரு பயன், நீரைச் சிறிது நேரம் பிடித்து வைத்து மெல்ல விடுவது வேறொரு பயன். களிமண் முதலாவதற்குத் தடையாக இருக்கலாம். இரண்டாவதற்குத் தடையே இல்லை. செடிப்பாத்தியின் அடியில் ஜல்லி பரப்பி, அதற்குள் துளையிட்ட குழாயைப் பதித்து, அதன் முனையில் சிறு துவாரம் வைத்துவிட்டால், மண் உறிஞ்சாத நீரும் வடிகட்டப்பட்டு மெதுவாக வெளியேறும்.

பொறியாளர் சோதித்துப் பார்த்துச் சொன்னாரா என்றும் கேளுங்கள். உத்தேசப் பள்ளத்தின் ஆழத்தில் ஒரு குழி தோண்டி, நீர் நிரப்பி, அது வற்றியதும் மறுபடி நிரப்பி, மூன்றாம் முறை நிரப்பும்போது நீர்மட்டம் இறங்குவதை அளவுகோலால் குறிக்க வேண்டும். முதல் முறை கிடைக்கும் அளவு காய்ந்த மண்ணின் தாகத்தையே காட்டும். அதை நம்பக் கூடாது. ஒரே மனைப்பிரிவுக்குள் ஒரு மூலையில் களிமண்ணும் மறுமூலையில் மணற்பாங்கான மண்ணும் இருப்பது அரிதன்று. குழி ஒன்று போதாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுவே இந்தக் கேள்வியின் முக்கியமான பகுதி. நல்ல மண்ணைக்கூடக் கட்டுமானம் களிமண்ணைப் போல ஆக்கிவிடும். லாரிகளும் ஜேசிபிகளும் மாதக்கணக்கில் ஏறி இறங்கிய நிலத்தில் மண்ணின் துளைகள் நசுங்கிப்போகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மணற்பாங்கான மனைகளில் நடத்தி 2006-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், கட்டுமானத்தால் இறுகிய மண்ணில் நீர் இறங்கும் வேகம் 70 முதல் 99 சதவீதம் வரை குறைந்திருந்தது. மணலுக்கே அந்தக் கதி. ஆகவே பூங்காவுக்கான இடத்தை முதல் நாளே வேலி போட்டு அடைத்து, அங்கே செங்கல்லும் கம்பியும் அடுக்கவோ கான்கிரீட் கலக்கவோ விடக் கூடாது. ஏற்கெனவே இறுகிவிட்டிருந்தால், புல் பதிக்கும் முன் ஆழமாகக் கிளறி மட்கிய உரம் கலப்பது ஓரளவு உதவும். நிலத்தடி நீர்மட்டம் மழைக்காலத்தில் பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வந்துவிடும் இடத்திலும், கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு ஐந்து மீட்டருக்குள்ளும் உறிஞ்சுகுழி அமைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: வாகன நிறுத்தத்துக்கு இன்டர்லாக் கல் பதித்திருக்கிறார்கள். அதனால் நீர் பூமிக்குள் இறங்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கல்லைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சாதாரண இன்டர்லாக் கல்லை இறுக்கமாகச் சேர்த்து, அடியில் சிமென்ட் கலந்த மணலும் அதற்குக் கீழே கான்கிரீட்டும் போட்டிருந்தால் அது கூரைக்குச் சமம். நீர் இறங்க வேண்டுமானால் கற்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி விட்டு, அதில் மணலுக்குப் பதிலாகப் பொடியற்ற சிறு ஜல்லியை நிரப்பி, கீழேயும் பொடியற்ற பெரிய ஜல்லியைக் கனமாகப் பரப்பியிருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய இடத்திலேயே மறைந்தால் வேலை செய்கிறது, ஓடினால் இல்லை. பக்கத்துப் பாத்தியிலிருந்து மண் கரைந்து அதன்மேல் வந்தால் ஓரிரு ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: சாலையில் ஓடும் அழுக்கு நீரைப் பூங்காவுக்குள் விட்டால் கிணறும் நிலத்தடி நீரும் கெட்டுவிடாதா?

பதில்: கூரை நீர், சாலை நீர், குப்பை சேரும் இடத்து நீர் ஆகிய மூன்றையும் ஒன்றாக எண்ணக் கூடாது. கூரை நீரில் தூசும் பறவை எச்சமும் இருக்கும். சாலை நீரில் டயர் தேய்ந்த துகள், எண்ணெய், துத்தநாகம், செம்பு போன்றவை இருக்கும். மழை தொடங்கியவுடன் வரும் முதல் நீரில் இவை மிகுதி. செடி வளர்ந்த மண் படுகையின் ஊடே இந்த நீர் இறங்கும்போது, உலோகங்களில் பெரும்பகுதி மண் துகள்களோடு ஒட்டி மேற்பரப்புக்கு அருகிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெயை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் 1990-களின் தொடக்கத்தில் மழைத் தோட்டங்களை, அதாவது மழைநீரை வாங்கி இறக்கும் தாழ்வான செடிப்பாத்திகளை, வகுத்தபோது, இந்த வடிகட்டும் ஆற்றலும் முக்கிய நோக்கமாக இருந்தது. ஆனால் உப்பும் நைட்ரேட்டும் மண்ணில் தங்காமல் நீரோடு கீழே போய்விடும். ஆகவே மழைத் தோட்டத்துக்கு ரசாயன உரம் போடுவது, நாமே நீரைக் கெடுத்துவிட்டு வடிகட்டச் சொல்வதாகும். குப்பைத் தொட்டி வைக்கும் இடம், வாகனம் கழுவும் இடம், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும் இடம் ஆகியவற்றின் நீரை மட்டும் பூங்காப் பக்கம் விடாமல் கழிவுநீரோடு சேர்த்துவிடுங்கள். சாலை நீரை வடிகட்டாமல் நேரே ஆழ்குழிக்குள் இறக்குவதையும் அனுமதிக்காதீர்கள். அது மண்ணின் வேலையைத் தாண்டிப் போகும் குறுக்குவழி.

கேள்வி: ஐந்தாண்டுகளுக்கு முன் கட்டி முடித்த எங்கள் குடியிருப்பில் மழைத் தோட்டங்களும் புல் வாய்க்கால்களும் உண்டு. இப்போது மழை பெய்தால் தண்ணீர் அவற்றுக்குள் போகாமல் சாலையிலேயே நிற்கிறது. தூர்த்துவிட்டு வாகன நிறுத்தமாக்கலாம் என்று சங்கத்தில் தீர்மானம் வரப்போகிறது. நான் என்ன வாதாடுவது?

பதில்: வாதாடும் முன் ஒரு மழை நாளில் குடையோடு போய் அந்த வாய்க்காலின் விளிம்புக்கல் வெட்டு ஒன்றின் அருகில் நின்று பாருங்கள். சாலை நீர் உள்ளே நுழைவதற்காக விளிம்புக்கல்லில் விட்டிருக்கும் அந்தத் திறப்பில், நீர் கொண்டுவந்த மணலும் சருகும் சேர்ந்து, அதன்மேல் புல் வேர் பிடித்து, ஆண்டுக்கு ஆண்டு மேடாகி, இப்போது சாலையைவிட இரண்டு விரல் உயரமாக நிற்கும். தண்ணீர் வாசல்வரை வந்து திரும்பிப் போவதைக் கண்ணால் காணலாம். பெரும்பாலான மழைத் தோட்டங்கள் இப்படித்தான் செத்துப்போகின்றன. உள்ளே மண் நன்றாகவே இருக்கும். ஒரு மண்வெட்டியால் அந்தப் புல்மேட்டைச் செதுக்கி, திறப்புக்கு உட்புறம் சாலையைவிட ஐந்து சென்டிமீட்டராவது தாழும்படி செய்து, அங்கே சிறு கற்களைப் பரப்பிவிட்டால் மணல் அந்த இடத்திலேயே படியும். பிறகு அதை மட்டும் அவ்வப்போது அள்ளினால் போதும். தீர்மானம் வருவதற்கு முன் ஒரே ஒரு திறப்பை இப்படிச் சரிசெய்து அடுத்த மழையில் சங்கத்தாரை அழைத்துக் காட்டுங்கள். பேச்சைவிட அது பயன்படும்.

தூர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் கேள்வியின் கணக்கே விடை. அங்கே தங்கிய நீர் முழுவதும் குழாய்க்குப் போக வேண்டும். ஆனால் உங்கள் குழாய்கள் அந்தத் தோட்டங்கள் இருக்கும் என்று எண்ணிச் சிறியனவாகப் பதிக்கப்பட்டிருக்கும். பெரிய குழாய் பதிக்கும் செலவைத் தீர்மானத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் வடிகாலாகக் காட்டப்பட்டிருந்தால், சங்கம் தானாக அதை மாற்றவும் முடியாது.

பராமரிப்பு யார் பொறுப்பு என்பது உலகெங்கும் தீராத சச்சரவு. பிரிட்டனின் வேல்ஸில் 2019 ஜனவரி 7 முதல், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட புதிய கட்டுமானமோ 100 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டுமானமோ எதுவாயினும், அதன் மழைநீர் அமைப்புக்கு உள்ளாட்சி அமைப்பிடம் தனி ஒப்புதல் பெற வேண்டும். பல வீடுகளுக்குப் பொதுவான அமைப்பு விதிகளின்படி கட்டப்பட்டிருந்தால் அந்த உள்ளாட்சியே அதை ஏற்றுப் பராமரிக்கவும் வேண்டும். என் கருத்தில் இதுவே சரியான வழி. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களில், எந்தத் திறப்பை எப்போது சுத்தம் செய்வது, வண்டலை எங்கே கொட்டுவது என்று ஒரு பக்கக் குறிப்பாவது எழுதி வரைபடத்தோடு தரும்படி கட்டுநரிடம் கேட்டு வாங்க வேண்டும். தோட்டக்காரருக்கு அந்தப் பள்ளம் எதற்கென்று யாரும் சொல்லாததால், அவர் நல்லெண்ணத்தோடு மண் நிரப்பிச் சமன் செய்துவிட்ட இடங்களும் உண்டு.

கேள்வி: இவையெல்லாம் சாதாரண மழைக்குச் சரி. எப்போதோ ஒருமுறை கொட்டித் தீர்க்கும் பெருமழையைத் தாங்குமா?

பதில்: முழுதும் தாங்காது, குழாயும் தாங்காது. எந்த அமைப்பும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கே வடிவமைக்கப்படுகிறது. வேறுபாடு, அந்த அளவைத் தாண்டும்போது என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. சுவீடனின் மால்மோ நகரில் அகஸ்டன்போர்க் என்ற பகுதி அடிக்கடி வெள்ளத்தால் அவதிப்பட்டது. 1998-இல் தொடங்கி, வீடுகளுக்கிடையே சுமார் 6 கிலோமீட்டர் நீளத் திறந்த வாய்க்கால்களும் பத்துக் குட்டைகளும் செடி வளர்க்கும் பசுங்கூரைகளும் அமைத்தார்கள். அதுவும் புதிய நிலத்தில் அல்ல, மக்கள் வசித்துக்கொண்டிருந்த பழைய குடியிருப்பில். 2014 ஆகஸ்ட் 31 அன்று மால்மோவில் வரலாறு காணாத மழை கொட்டியபோது நகரின் பல பகுதிகளில் தரைக்கீழ்த் தளங்கள் மூழ்கின. அகஸ்டன்போர்க்கில் பாதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

உங்கள் குடியிருப்பில் இதற்காகக் கேட்க வேண்டியவை இரண்டு. பூங்கா நிரம்பி வழிந்தால் நீர் எந்தச் சாலை வழியாக எங்கே போகும் என்பதை வரைபடத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த வழியில் சுற்றுச்சுவரோ வேகத்தடையோ காவலர் அறையோ குறுக்கே நிற்கக் கூடாது. அடுத்து, ஒவ்வொரு வீட்டின் தரைமட்டமும் தரைக்கீழ் வாகன நிறுத்தத்தின் நுழைவாயில் விளிம்பும் அந்த வழியின் மட்டத்தைவிட எவ்வளவு உயரம் என்று எண்ணால் எழுதி வாங்குங்கள். தரைக்கீழ்த் தளத்தின் சாய்தளம் சாலையிலிருந்து நேராகக் கீழே இறங்கினால், எவ்வளவு பெரிய பூங்கா இருந்தாலும் நீர் முதலில் அங்கேதான் போகும். நுழைவாயிலில் ஒரு மேடேறி இறங்கும்படி அமைக்க, வேலை தொடங்கும் முன் கேட்டுக்கொள்வது எளிது.